பெர்மெஸ்ஸோ (இத்தாலிய வசிப்பு அனுமதி) புதுப்பித்தல்: ரிச்செவூத்தா (விண்ணப்ப ரசீது) மட்டும் கையில் இருக்கும் மாதங்களில் எது செல்லும், எது செல்லாது

துறைமுகம்
வணக்கம். ஜெனோவாவில் இருக்கிறோம். வீட்டுக்காரருடைய வேலைப் பெர்மெஸ்ஸோ, என்னுடைய குடும்பப் பெர்மெஸ்ஸோ, 9 வயது மகளுடையது மூன்றும் செப்டம்பர் 30-இல் முடிகின்றன. அவருக்கு ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, காலவரையற்ற ஒப்பந்தம். எப்போது கொடுக்க வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும்? டிசம்பரில் சென்னைக்குப் போய்வர எண்ணம். அதற்குள் புது கார்டு வராவிட்டால் ரிச்செவூத்தாவை வைத்துப் போகலாமா? கிட் (விண்ணப்பப் படிவ உறை) நிரப்பிக் கொடுக்க ஓர் ஏஜென்சியில் ஆளுக்கு 80 யூரோ கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

மஞ்சள்பட்டை
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். தொழிற்சங்கங்களும் அமைப்புகளும் நடத்தும் பத்ரொனாத்தோ அலுவலகங்களில் கணினியில் நிரப்பி அச்சிட்டு உறையில் போட்டே தருவார்கள். முன்பதிவு மட்டும் வேண்டும். ஆகஸ்டில் பாதி ஊர் மூடிக்கிடக்கும், அதனால் ஜூலைக்குள் பதிவு செய்துவிடுங்கள். சட்டப்படியும் முடிவுத் தேதிக்குக் குறைந்தது 60 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது ஜூலை கடைசி.

நீங்களே நிரப்புவதென்றால், "ஸ்போர்த்தெல்லோ அமிக்கோ" என்று எழுதியிருக்கும் தபாலகத்தில் மஞ்சள் பட்டை போட்ட உறையோடு கிட் இலவசமாகக் கிடைக்கும். வீட்டுக்காரருக்கு மோதுலோ (படிவம்) 1, மோதுலோ 2 இரண்டும். மோதுலோ 2 வருமானம் உள்ளவர்களுக்கு. உங்களுக்கு வருமானம் இல்லையென்றால் மோதுலோ 1 மட்டும் போதும். 14 வயதுக்குக் கீழ் இருப்பதால் மகளுக்குத் தனி உறை கிடையாது, பெற்றோரில் ஒருவருடைய விண்ணப்பத்திலேயே சேரும். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. நகல்கள் எல்லாம் ஏ4 தாளில். உறையை ஒட்டாமல் கொண்டு போங்கள். தபாலக ஊழியர் உள்ளே பார்த்து, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, அவர்தான் மூடுவார். ஆகவே கணவரும் நீங்களும் நேரில் போயாக வேண்டும்.

பணக் கணக்கு: எலக்ட்ரானிக் கார்டுக்கு 30.46 யூரோ. அதன்மேல் அரசுக் கட்டணம், ஓராண்டு வரைக்கும் 40, ஓராண்டுக்கு மேல் 50, நீண்டகாலப் பெர்மெஸ்ஸோவுக்கு 100. காலவரையற்ற ஒப்பந்தம் என்பதால் உங்களுக்கு ஓராண்டுக்கு மேல் கிடைக்கும், அதாவது ஒரே பொல்லெத்தீனோவில் (தபாலகத்தில் பணம் கட்டும் சீட்டில்) 80.46. மோதுலோ 1-இல் ஒட்ட 16 யூரோ மார்க்கா த போல்லோ (வரி முத்திரை, தபாக்கி என்னும் புகையிலைக் கடையில் வாங்குவது). கவுண்டரில் தபால் கட்டணம் 30. ஆளுக்கு 126.46. சிறுவர்களுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, மகளுக்கு 30.46 மட்டும். மூவருக்கும் சேர்த்து 283.38 யூரோ. இதற்குமேல் யாராவது கேட்டால் அது அவர்களுடைய கூலி.

கவுண்டரில் இரண்டு தாள் வரும். ஒன்று ரிச்செவூத்தா, அதில் பயனர் எண்ணும் கடவுச்சொல்லும் இருக்கும். மற்றது குவெஸ்தூராவுக்கு (மாகாணக் காவல் தலைமையகத்துக்கு) போகவேண்டிய நாளும் நேரமும். அந்த நாளுக்கு நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம், பாஸ்போர்ட், பழைய கார்டு, உறையில் நகலாகப் போட்ட எல்லாவற்றின் அசலும். ரிச்செவூத்தாவை அன்றே நகல் எடுத்து, படமும் பிடித்து வைத்துவிடுங்கள். அடிக்கடி பையிலிருந்து எடுத்துக் காட்டும் தாளில் அச்சு மங்கிவிடும், எண் போய்விட்டால் நிலையைப் பார்க்க முடியாது.

அரைப்படி
செப்டம்பர் 30-க்குப் பிறகும் 60 நாள் அவகாசம் இருக்கிறதே. எதற்கு ஜூலையிலேயே ஓட வேண்டும்?

மஞ்சள்பட்டை
@அரைப்படி, அது அவகாசம் இல்லை. குடியேற்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பெர்மெஸ்ஸோ முடிந்து 60 நாளுக்கு மேலாகியும் புதுப்பிக்கக் கேட்காதவரை நாடு கடத்தலாம் என்கிறது. அதைத் திருப்பிப் படித்துத்தான் "60 நாள் சும்மா இருக்கலாம்" என்று பேசிக்கொள்கிறோம். அந்த 60 நாளுக்குள் கொடுத்தால் ஏற்பார்கள், உண்மை. ஆனால் அக்டோபர் 1 முதல் உறையைக் கொடுக்கும் நாள் வரைக்கும் உங்கள் கையில் செல்லுபடியாகும் தாள் எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் முதலாளியின் கணக்காளர் கேட்டால் எதைக் காட்டுவது?

கணக்குப்பிள்ளை
துறைமுகம், வீட்டு வேலைக்காரர்களின் விண்ணப்பம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வருமானச் சான்றில்தான். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

தொழிற்சாலை, உணவகம் என்றால் முதலாளி வரியைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கொருமுறை செர்த்திஃபிக்காத்சியோனே ஊனிக்கா (சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்று) தருவார். அதை உறையில் போட்டால் முடிந்தது. ஒரு குடும்பம் முதலாளியாக இருக்கும்போது அது வரி பிடிக்காது, ஆண்டுச் சம்பளத்தை எழுதி ஒரு தாள் மட்டும் கொடுக்கும். அந்தத் தாளை வைத்து வரிக்கணக்குக் காட்ட வேண்டியது வேலை செய்பவரின் பொறுப்பு. "பிடித்தமே இல்லை, ஆகவே வரியும் இல்லை" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். புதுப்பிக்கும்போது குவெஸ்தூரா முந்தைய ஆண்டு வரிக்கணக்கைக் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. எனவே காஃப் என்னும் வரி உதவி அலுவலகத்தில் 730 என்னும் வரிக்கணக்குப் படிவத்தை, வரி பிடிக்கும் முதலாளி இல்லாதவர் என்ற வகையில் போடுங்கள். கடைசி நாள் செப்டம்பர் 30. தவறினால் ரெத்தித்தி என்னும் மற்றொரு வரிக்கணக்குப் படிவம் அக்டோபர் 31 வரைக்கும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் போட்டுவையுங்கள், புதுப்பிக்கும்போது அதுவே வலுவான சான்று.

அடுத்தது இன்ப்ஸ் (அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனம்). வீட்டு வேலைக்கான பங்களிப்பை முதலாளி காலாண்டுக்கொருமுறை கட்ட வேண்டும். ஏப்ரல் 10, ஜூலை 10, அக்டோபர் 10, ஜனவரி 10. கட்டிய ரசீதுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாமல், இன்ப்ஸ் தளத்தில் ஸ்பித் (அரசு டிஜிட்டல் அடையாளக் கணக்கு) அல்லது அடையாள அட்டை வழியாக நுழைந்து எஸ்த்ராத்தோ கோந்தோ (பங்களிப்புப் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். சம்பளம் 40 மணிநேரத்துக்கு வாங்கி, இன்ப்ஸில் 25 மணிநேரம் பதிந்திருப்பது அரிதல்ல. குவெஸ்தூராவின் கணினியில் தெரிவது 25-தான்.

எவ்வளவு வருமானம் வேண்டும்? அளவுகோல் அஸ்ஸெஞ்ஞோ சோச்சாலே என்னும் முதியோர் உதவித்தொகையின் ஆண்டுத் தொகை. 2025-இல் மாதம் 538.69 வீதம் 13 மாதம், 7,002.97 யூரோ. சார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் பாதி கூடும். நீங்களும் மகளும் சேர்ந்தால் 14,005.94. ஆண்டுதோறும் சற்று ஏறும், ஆகவே கொடுக்கும் ஆண்டின் தொகையைப் பாருங்கள். நீங்கள் ஏதாவது சிறு வேலை பதிவோடு செய்தால் அந்த வருமானமும் குடும்பக் கணக்கில் சேரும்.

கொஞ்சம் குறைந்தால் உடனே நிராகரிப்பு என்று பயப்பட வேண்டாம். குடும்பத்தை அழைத்து வந்தவர் விஷயத்தில் குடும்பப் பிணைப்பு, இங்கே வாழ்ந்த காலம், சொந்த நாட்டோடு உள்ள தொடர்பு ஆகியவற்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று 5-ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பதற்கு முன் முன்னறிவிப்புக் கடிதம் வரும். பதில் கொடுக்க 10 நாள்தான். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயர் இல்லாத பெட்டியால் பதிவுத்தபால் திரும்பிப்போய், பதில் கொடுக்கும் நாள் கடந்துபோனவை ஏராளம்.

பலெர்மோ வெயில்
பயணத்தைப் பற்றி நான் சொல்லுறன். ரிச்செவூத்தா, பழைய கார்டு, பாஸ்போர்ட் மூண்டையும் கொண்டு இத்தாலியை விட்டு வெளிய போகலாம், திரும்பி வரலாம். ஆனா வழியில வேற ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில மாறக்கூடாது. ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ், வியன்னா, சூரிச் எல்லாம் அந்தக் கணக்குத்தான். சென்னையில இருந்து வாறவைக்கு துபாய், தோஹா, அபுதாபி வழியா ரோமுக்கோ மிலானுக்கோ வந்தா பிரச்சினை இல்லை. கொழும்புக்கும் அதே விதி.

டிக்கெட் எடுக்கேக்க விலையை மட்டும் பாக்காதேங்கோ. மலிவான டிக்கெட் ரோம் எண்டு காட்டும், நடுவில மூனிக்கில ஒண்டரை மணித்தியாலம் நிக்கும். அங்க குடிவரவுக்காரருக்கு இத்தாலித் தபால் ரசீது ஒரு கடதாசித் துண்டு. சென்னையில செக்-இன் செய்யிற ஆக்களுக்கும் ரிச்செவூத்தா பழக்கமில்லை. உள்துறை அமைச்சர் 2006 ஆகஸ்ட் 5-ஆம் திகதி விட்ட உத்தரவு, புதுப்பிக்கிற காலத்தில வெளிநாட்டவருக்குள்ள உரிமைகளைப் பற்றினது. அதை அச்செடுத்து ஒரு பிரதி வச்சிருங்கோ. கவுண்டரில நிண்டு விளக்கம் குடுக்கிறதைவிட அது சுகம்.

இன்னுமொண்டு. குவெஸ்தூராவுக்குக் கைரேகைக்குப் போற நாள் டிசம்பரில விழுந்தா பயணத்தை மாத்துங்கோ, அந்த நாளை மாத்தாதேங்கோ. புது நாள் வாங்கிறது பெரிய அலைச்சல்.

துறைமுகம்
நன்றி அண்ணா. மகளுக்கும் இதே தாள்கள்தானா? இன்னொன்று, எங்கள் மூவருடைய தெஸ்ஸெரா சனித்தாரியாவிலும் (அரசு மருத்துவ அட்டையிலும்) செப்டம்பர் 30 என்றுதான் இருக்கிறது. அக்டோபரில் மருத்துவரிடம் போனால்?

பலெர்மோ வெயில்
ஓம், பிள்ளைக்கும் அதேதான். பிள்ளையின்ர பெயர் உள்ள ரிச்செவூத்தாவின்ர பிரதியும் பழைய கார்டும் கட்டாயம். தாயோ தகப்பனோ தனியக் கூட்டிக்கொண்டு போனா மற்றவரின்ர சம்மதக் கடிதமும் கையில இருக்கட்டும்.

நடைபாதை
மருத்துவப் பதிவு பெர்மெஸ்ஸோ முடிந்ததும் தானாகச் சாகாது. குடியேற்றச் சட்டத்தின் நடைமுறை விதிகளில் (1999-இன் 394-ஆம் ஆணை) 42-ஆம் பிரிவு, புதுப்பிக்கும் கட்டத்தில் பதிவு தொடரும் என்கிறது. ஆனால் கணினிக்கு அது தெரியாது, கார்டில் உள்ள தேதியோடு மருத்துவரின் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். எனவே செப்டம்பரிலேயே ரிச்செவூத்தா நகலை உங்கள் ஆஸ்ல் (உள்ளூர் சுகாதாரத் துறை) அலுவலகத்துக்கு அனுப்பி நீட்டிப்புக் கேளுங்கள். பெயர் போய்விட்ட பிறகு போனால், அதற்குள் உங்கள் மருத்துவரின் இடங்கள் நிரம்பி, வேறு மருத்துவரைத் தேட நேரிடும்.

வங்கியும் அப்படியே. அடையாள ஆவணம் காலாவதி என்று கணக்கை முடக்கும். முடக்கிய பிறகு திறக்க நாளாகும். முடிவுத் தேதிக்கு முன்பே ரிச்செவூத்தாவைக் கிளையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக மின்னஞ்சல் பெறுங்கள்.

வேலை: ரிச்செவூத்தாவோடு இருக்கும் வேலையைத் தொடரலாம், புது வேலையிலும் சேரலாம். 5-ஆம் பிரிவின் 9-பிஸ் பத்தி தெளிவாகவே சொல்கிறது. "கார்டு வந்ததும் வா" என்று சொல்லும் முதலாளிக்கு அந்தப் பத்தியை அச்சிட்டுக் கொடுக்கலாம். கேட்கிறார்களா என்பது வேறு கதை.

தொரினோ மாணவி
படிப்புப் பெர்மெஸ்ஸோக்காரர்களுக்கும் இந்த இழை பயன்படும் என்பதால் வேறுபாடுகளை மட்டும் போடுகிறேன். புதுப்பிக்க, முதல் ஆண்டில் குறைந்தது ஒரு தேர்விலும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு தேர்விலும் தேறியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தளத்திலிருந்து தேர்வுகளோடு கூடிய சான்றை எடுத்து உறையில் போடவும். படிப்புக் காலத்துக்கு மேல் மூன்று ஆண்டு வரைக்கும்தான் நீட்டிக்க முடியும். வேலை வாரம் 20 மணிநேரம், ஆண்டுக்கு 1,040 மணிநேரம்.

மருத்துவப் பதிவில்தான் பெரிய மாற்றம். முன்பு 149.77 யூரோவாக இருந்த விருப்பப் பதிவு, 2024 முதல் மாணவர்களுக்கு 700 யூரோ. அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான ஆண்டுக்கு. அக்டோபரில் கட்டினாலும் முழுத் தொகைதான், டிசம்பர் 31-இல் முடிந்துவிடும். செப்டம்பரில் வந்து சேருபவர்கள் முதல் சில மாதங்களுக்குத் தனியார் காப்பீட்டில் இருந்துவிட்டு ஜனவரியில் கட்டுவது கணக்குக்கு நல்லது. முறையான வேலை ஒப்பந்தம் கிடைத்தால் கட்டாயப் பதிவுக்கு மாறலாம், அதற்குக் கட்டணம் இல்லை. படிப்புப் பெர்மெஸ்ஸோவை வேலைப் பெர்மெஸ்ஸோவாக மாற்ற 2023 முதல் ஒதுக்கீட்டு எண்ணிக்கையும் தேவையில்லை, ஆண்டு முழுதும் விண்ணப்பிக்கலாம்.

அரைப்படி
அப்படியே கேட்டுவிடுகிறேன். தம்பியை வீட்டு வேலைக்கு அழைக்க ஃப்ளுஸ்ஸி (வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீடு) எப்போது திறக்கும்?

மஞ்சள்பட்டை
@அரைப்படி, அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே கலந்தால் இரண்டும் கெடும். 2026 முதல் 2028 வரைக்கும் மூன்றாண்டுக்குமாக 4,97,550 இடங்கள் அறிவித்திருக்கிறார்கள், 2026-க்கு மட்டும் 1,64,850. உங்கள் தம்பிக்கு அதில் இடம் உண்டா என்பது துறை, நாடு, முதலாளியின் வருமானம் எல்லாவற்றையும் பொறுத்தது. யாராவது "இடம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கொமூனே வாசல்
எல்லாரும் கார்டு கையில் வந்ததோடு கதை முடிந்தது என்று விட்டுவிடுகிறீர்கள். அதற்குப் பிறகுதான் பலர் பெரிய நஷ்டத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

புது கார்டு வந்த 60 நாளுக்குள் உங்கள் கொமூனேயின் (நகராட்சியின்) அனாக்ராஃபே என்னும் குடியிருப்போர் பதிவேட்டு அலுவலகத்தில், இதே முகவரியில்தான் தொடர்ந்து வாழ்கிறோம் என்ற அறிவிப்பைப் புதுப்பிக்க வேண்டும். புது கார்டின் இரு பக்க நகலோடு ஒரு படிவம். பல கொமூனேகளில் மின்னஞ்சலிலேயே அனுப்பலாம், காசு இல்லை. இதைச் செய்யாமல் பெர்மெஸ்ஸோ முடிந்து ஆறு மாதம் கடந்தால், 30 நாளுக்குள் வரும்படி கொமூனே கடிதம் அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடும். குவெஸ்தூராவிலிருந்து கொமூனேவுக்குத் தகவல் தானாகப் போய்விடும் என்று நம்பி உட்காராதீர்கள்.

நீங்கள் வேலை செய்துகொண்டு, வரி கட்டிக்கொண்டு, அதே வீட்டில்தான் இருப்பீர்கள். காகிதத்தில் மட்டும் காணாமல் போயிருப்பீர்கள். குடியுரிமைக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு 10 ஆண்டு சட்டப்படியான வசிப்பு வேண்டும், அதை எண்ணுவது அனாக்ராஃபே பதிவை வைத்துத்தான். நடுவில் ஒரு நீக்கம் விழுந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. வாடகை வீட்டை மாற்றும்போதும் இதேதான். பழைய வீட்டைக் காலி செய்து, புதிய வீட்டின் உரிமையாளர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் இழுத்தடிக்க, பழைய முகவரியில் யாரோ வேறொருவர் வந்து பதிய, உங்கள் பெயர் "கண்டுபிடிக்க முடியாதவர்" பட்டியலுக்குப் போகும். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இல்லாமல் வீட்டுக்குள் பெட்டியை வைக்காதீர்கள். முகவரி மாற்றத்தைக் குவெஸ்தூராவுக்கும் 15 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை "வசிப்பு வரலாறு" சான்றை (செர்த்திஃபிக்காத்தோ ஸ்தோரிக்கோ தி ரெசிதென்சா) எடுத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் அன்றே எழுதிக் கேட்கலாம், பத்தாம் ஆண்டில் போய்க் கேட்டால் ஆதாரம் தேடுவதே பெரும் பாடு.

அரைப்படி
குடியுரிமைக்கு 10 ஆண்டு 5 ஆகப் போகிறது என்றார்களே, அந்த வாக்கெடுப்பு?

கொமூனே வாசல்
2025 ஜூன் 8, 9 தேதிகளில் நடந்தது, செல்லாமல் போனது. இத்தாலியில் ஒரு சட்டத்தை ரத்து செய்யும் வாக்கெடுப்பு செல்ல வேண்டுமானால் வாக்காளர்களில் பாதிக்கு மேல் வாக்களிக்க வேண்டும். வந்தது சுமார் 30 சதவீதம். வாக்களித்தவர்களில் குடியுரிமைக் கேள்விக்கு ஆம் சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதே நாள்களில் வாக்கெடுப்புக்கு வந்த தொழிலாளர் உரிமைக் கேள்விகளுக்குக் கிடைத்த ஆதரவைவிட இது நன்றாகவே குறைவு. ஆதரவுக் கட்சிகளுக்குள்ளேயே இந்த விஷயத்தில் ஒருமனம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே 10 ஆண்டு 10 ஆண்டுதான். கட்டணம் 250 யூரோ, முடிவுக்கு 24 மாதம், 36 வரைக்கும் நீளலாம். கடைசி மூன்றாண்டும் வருமானம் வேண்டும், தனியாளுக்கு 8,263.31, துணை சார்ந்திருந்தால் 11,362.05, ஒவ்வொரு பிள்ளைக்கும் 516 கூடும். விண்ணப்பித்த பிறகு வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், உறுதிமொழி எடுக்கும் நாள் வரைக்கும் பார்ப்பார்கள்.

கணக்குப்பிள்ளை
இடையில் ஒன்று. ஐந்தாண்டு முடிந்தவர்கள் குடியுரிமைக்குக் காத்திருக்காமல் நீண்டகாலப் பெர்மெஸ்ஸோவை எடுங்கள். ஏ2 (அடிப்படை நிலை) இத்தாலிய மொழித்தேர்வு, வருமானம், குற்றப்பதிவுச் சான்று. ஐந்தாண்டில் மொத்தம் 10 மாதத்துக்கு மேலும், தொடர்ச்சியாக 6 மாதத்துக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. கார்டு 10 ஆண்டு செல்லும், சிறுவர்களுக்கு 5. இந்த இழையில் பேசிய பாதித் தொல்லை அதோடு போய்விடும். குடியுரிமைக்குக் கேட்கும் பி1 (இடைநிலை) மொழிச்சான்றும் இந்தக் கார்டு உள்ளவர்களுக்குத் தேவையில்லை. ஏ2-வோடு பி1 சிரமம் தப்பும் இந்த வழி பலருக்குத் தெரியாது.

துறைமுகம்
வீட்டுக்காரருக்கு அடுத்த ஆண்டு மார்ச்சில் ஐந்தாண்டு முடிகிறது. அப்படியென்றால் இப்போது புதுப்பிக்காமல் காத்திருந்து நேராக நீண்டகாலத்துக்குக் கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை
கூடாது. செப்டம்பரில் முடிவதை இப்போது புதுப்பித்தே ஆக வேண்டும், இல்லையேல் ஐந்தாண்டுத் தொடர்ச்சியே அறுந்துவிடும். மார்ச்சுக்குப் பிறகு நீண்டகாலத்துக்குத் தனியாக ஒரு கிட் கொடுங்கள், அதற்கு 130.46 பொல்லெத்தீனோ. ஏ2 தேர்வுக்கு உள்துறைத் தளத்தில் பதிந்து, பிரெஃபெத்தூரா (உள்துறையின் மாகாண அலுவலகம்) நாள் கொடுக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், ஆகவே பதிவை இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்.

நடைபாதை
கார்டு வராமல் இழுத்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சட்டம் 60 நாள் என்கிறது, பெரிய நகரங்களில் மாதக்கணக்கில் போகும். முதலில் காவல்துறைத் தளத்தில் ரிச்செவூத்தா எண்ணைப் போட்டுப் பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டு நிற்பதும், கார்டு தயாராகி எடுக்க ஆளில்லாமல் கிடப்பதும் அங்கே தெரிந்துவிடும். ஒன்றும் நகரவில்லையென்றால் குவெஸ்தூராவின் குடியேற்றப் பிரிவுக்குப் பெக் (பதிவுத்தபாலுக்கு இணையான) மின்னஞ்சலில் ஒரு கேள்வி, பிறகு வழக்கறிஞரோ பத்ரொனாத்தோவோ எழுதும் திஃபீதா என்னும் எச்சரிக்கைக் கடிதம். அதற்கும் அசையாவிட்டால் மௌனத்துக்கு எதிராகத் தார் என்னும் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, கெடு முடிந்த ஓராண்டுக்குள். பெரும்பாலும் கடிதத்தோடே கார்டு வந்துவிடும். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே வழக்கறிஞர் செலவை ஏற்கும் திட்டமும் உண்டு.

துறைமுகம்
எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: வீட்டுக்காரருடைய அடையாள அட்டை இன்னும் பழைய காகித அட்டைதான். அதில் 2028 வரைக்கும் தேதி இருக்கிறது. அப்படியே விடலாமா?

கொமூனே வாசல்
அட்டையில் எந்தத் தேதி இருந்தாலும் காகித அடையாள அட்டைகள் 2026 ஆகஸ்ட் 3 முதல் செல்லாது. கொமூனேயில் எலக்ட்ரானிக் அட்டைக்கு நாள் பிடியுங்கள். 16.79 யூரோவும் கொமூனேயின் சிறு கட்டணமும் ஆகும். ஒரு படம், தெஸ்ஸெரா சனித்தாரியா, பெர்மெஸ்ஸோ அல்லது பழைய கார்டோடு ரிச்செவூத்தா கொண்டு போகட்டும். ரகசிய எண்ணின் முதல் பாதியை அங்கே தரும் தாளில் அச்சிட்டிருப்பார்கள், மறு பாதி அட்டையோடு வரும். அந்தத் தாளைத் தொலைத்தால் இன்ப்ஸ் தளத்துக்குள் நுழையும் வழியும் தொலையும். வெளிநாட்டவரின் அட்டையில் பயணத்துக்குச் செல்லாது என்று அச்சிட்டிருக்கும், டிசம்பரில் அதை நம்பி பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிடாதீர்கள்.